உயர்கழுத்துச் சப்பாத்து: அழகு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்

எங்கள் பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்கும் பொருட்களில் கொன்வேர்ஸ் சப்பாத்தும் ஒன்று. கணுக்காலை மூடும் கன்வஸ் துணி, வெள்ளை இறப்பர் முனை, பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு நட்சத்திரம். "இந்தத் தட்டைச் சப்பாத்துக்கு இவ்வளவு காசா?" என்று நாம் யோசிக்கிறோம். கணக்குப் புத்தகத்தில் போல இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தால் விடை தெரியும்.

முதலில் வரவு. 1908 இல் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தில் தொடங்கிய கொன்வேர்ஸ் கொம்பனி, 1917 இல் 'ஓல் ஸ்ரார்' சப்பாத்தை வெளியிட்டது. அது கூடைப்பந்தாட்டக்காரருக்கான சப்பாத்தாகப் பெயரெடுத்தது. அதன் விற்பனையாளராக இருந்த சக் ரெய்லர் என்ற ஆட்டக்காரரின் பெயரும் பின்னர் அதில் பதிந்தது. நூறு வருடம் கடந்தும் அதன் உருவம் பெரிதாக மாறவில்லை. அதனால் இன்று வாங்கியது அடுத்த வருடம் பழைய நாகரிகமாகிவிடாது. ஜீன்சுக்கும் பொருந்தும், சட்டைக்கும் பொருந்தும்.

இனிச் செலவு. அடிப்பாகம் தட்டையானது. உள்ளங்கால் வளைவைத் தாங்க ஒன்றுமில்லை. குதிக்காலுக்குக் கீழே மெத்தையும் மெல்லியது. உயரக் கழுத்து கணுக்காலை மூடுகிறதே தவிர, மெல்லிய துணி அதை இறுக்கிப் பிடிக்காது. 1970களில் தோலால் செய்த சப்பாத்துகள் பரவியபோது ஆட்டக்காரர்களே இதை மெல்ல மெல்லக் கைவிட்டார்கள். பனிக்காலத்தில் துணியூடாக ஈரமும் இறங்கும்.

ஆரோக்கியமான இளங்கால்கள் சில மணி நேரம் போட்டுத் திரிய இது போதும். ஓடுவதற்கும் விளையாட்டுக்கும் வேறு சப்பாத்து வேண்டும்.

எங்கள் வீடுகளில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. பிள்ளையின் கால் வளர்ந்ததும், "நல்லாத்தானே கிடக்கு" என்று அந்தச் சோடியை அம்மாவோ அப்பாவோ வேலைக்குப் போட்டுப் போவார்கள். உணவகக் குசினியிலும் தொழிற்சாலையிலும் எட்டு மணி நேரம் சீமெந்துத் தரையில் நிற்பவர்களுக்கு இது ஏற்றதல்ல. ஒருவர் போட்டுத் தேய்ந்த சப்பாத்து அவருடைய காலுக்கே படிந்திருக்கும். காலையில் கட்டிலால் இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிக்கால் குத்தினால், சப்பாத்தையும் ஒருக்கால் பாருங்கள். நீரிழிவு உள்ளவர்கள் இன்னும் கவனம்: கால் மரத்திருந்தால் உராய்ந்து புண் வந்தாலும் தெரியாது.

வாங்குவதென்றால் பின்னேரத்தில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பாருங்கள். இந்தச் சப்பாத்து வழமையான அளவைவிடப் பொதுவாக அரை அளவு பெரிதாக இருக்கும். அந்த இடைவெளியில் வளைவைத் தாங்கும் உள்மெத்தை ஒன்றை வைக்கலாம். 'சக் 70' என்ற வகையில் துணி தடிப்பு, மெத்தையும் கூட, விலையும் கூட.

இந்த மாதம் ஒரு சோடிக்குத்தான் காசு இருக்கிறதென்றால், நின்று வேலை செய்பவரின் காலுக்கு முதலில் வாங்குவோம். பிள்ளையின் ஆசை அடுத்த சம்பளத்துக்கு நிற்கட்டும்; அந்தச் சப்பாத்தின் நாகரிகம் அதற்குள் போய்விடாது.