எலும்பை முந்திக்கொள்ளும் அலுமினா

தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும். ஃபுளோரைடு சாகாது, ஆவி போகப்போக மிச்சத் தண்ணீரில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பாறையைத் துளைத்த போர்வெல்களின் நீரைக் காலமெல்லாம் குடித்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறையும் மூட்டில் இறுக்கமும் வந்தது அந்த நீரிலிருந்த ஃபுளோரைடால்தான். ஒகேனக்கல்லிலிருந்து காவிரியைக் குழாயில் கொண்டுவந்தார்கள். ஆறு எட்டாத ஊர்கள் என்ன செய்யும்?

சாதாரண மண் வடிகட்டி உதவாது. ஃபுளோரைடு அயனியும் தண்ணீர் மூலக்கூறும் ஏறத்தாழ ஒரே பருமன்; ஒன்று நுழையும் துளையில் மற்றதும் நுழைந்துவிடும். சலிக்க முடியாததை ஒட்டவைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

அதற்குத்தான் கிளர்வூட்டிய அலுமினா. அலுமினியம் ஹைட்ராக்சைடைச் சில நூறு டிகிரியில் சுட்டால் உள்ளிருந்த நீர் ஆவியாகி ஓடிவிட, அது இருந்த இடமெல்லாம் நுண்துளையாகிவிடும். இந்த வெள்ளை மணிகளை ஒரு கைப்பிடி அள்ளித் தண்ணீரில் போட்டால் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும்: துளைகளில் அடைந்திருந்த காற்று. ஒரு கிராமுக்குள் ஒளிந்திருக்கும் பரப்பு 200 முதல் 300 சதுர மீட்டர், ஏறக்குறைய ஒரு கிரவுண்டு மனை.

அந்தப் பரப்பெங்கும் ஹைட்ராக்சில்கள் அமர்ந்திருக்கும். தண்ணீர் லேசாகப் புளித்தால், அதாவது பி.எச். 5.5 வாக்கில், பரப்பு நேர்மின்னேற்றம் பெறும். எதிர்மின் ஃபுளோரைடு ஈர்க்கப்பட்டு வந்து, தன் பருமனே உள்ள ஹைட்ராக்சிலைக் கிளப்பிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். சிக்கல் என்னவென்றால், ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீர் பெரும்பாலும் காரத்தன்மை உடையது. அதில் அலுமினாவின் பிடி தளரும்.

நம் எலும்பில் நடப்பதும் இதே இடமாற்றம்தான். எலும்பின் தாதுவான ஹைட்ராக்சி அபடைட்டிலும் ஹைட்ராக்சில் உண்டு. ஃபுளோரைடு வருடக்கணக்கில் அதைப் பெயர்த்துக் குடியேறுகிறது. நோய் வரும் வழியையே வைத்தியமாக்கினார்கள் கென்யாவின் நகூரு பகுதியில்: மாட்டெலும்பைக் காற்றுக் குறைவாகச் சுட்டுக் கரியாக்கி, அதன்வழி குடிநீரை வடித்தார்கள். நன்றாகவே வேலை செய்யும் முறை. ஆனால் மாட்டெலும்பு வழியே வந்த தண்ணீரை நம்மூரில் எத்தனை வீடுகளில் குடிப்பார்கள்? இங்கே அலுமினாதான் சரிப்படும்.

நிரம்பிய அலுமினாவைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் கழுவினால் ஹைட்ராக்சைடுகள் கூட்டமாக வந்து ஃபுளோரைடை வெளியேற்றும். பிறகு நீர்த்த அமிலத்தில் அலசினால் மறுபடி உபயோகிக்கலாம். கழுவிய நீரைக் கண்ட இடத்தில் கொட்டினால் அது திரும்பக் கிணற்றுக்கே போகும்; திட்டம் போடுகிறவர்கள் முதலில் மறப்பது இதைத்தான்.

இன்னொரு தொல்லை, மணிகள் நிரம்பியது குடிப்பவருக்குத் தெரியாது. நிறம், ருசி, வாடை எதுவும் மாறாது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், அதைத் தாண்டினோமா என்று சொல்ல ஒரு சாயக் கரைசல் இருக்கிறது. சாயத்தோடு பிணைந்த சிர்க்கோனியத்தை ஃபுளோரைடு பிடுங்கிக்கொள்ள, நிறம் வெளிறும். வடிகட்டி வாங்கும்போதே அந்தச் சோதனைப் பெட்டியையும் கேட்டு வாங்க வேண்டும்.