கதிரொளி மருத்துவம்: பயனும் எல்லையும்

கொற்கை முத்தால் உலகறிந்த நெய்தல் நிலம் நம்முடையது. முத்துக் குளிப்பு ஓய்ந்து ஆண்டுகள் பல கடந்துவிட்டன. துறைமுகத்திலும் உப்பளத்திலும் மீன்பிடி வள்ளங்களிலும் உடலுழைப்பை முதலாகக் கொண்டு வாழும் மக்களே இன்றும் இக்கரையில் மிகுதி. இம்மக்களிடையே இரு கேள்விகளை நாம் அடிக்கடி கேட்கிறோம். 'புற்றுநோய்க்குக் கரண்ட் வைத்தால் ஆள் பிழைப்பாரா?' என்பது ஒன்று. 'மூட்டு வலிக்கும் அதனை வைக்கிறார்களாமே, வைக்கலாமா?' என்பது மற்றொன்று. இரண்டிற்கும் விடை ஒன்றன்று. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ஓர் ஐயத்தைக் களைவோம். 'கரண்ட் வைத்தல்' என்று மக்கள் வழங்கினாலும், நோயாளியின் உடலில் மின்சாரம் பாய்ச்சப்படுவதில்லை. 1895இல் ராண்ட்கன் கண்டறிந்த எக்ஸ் கதிர்களும், கோபால்ட் போன்ற தனிமங்கள் உமிழும் காமாக் கதிர்களுமே இங்குக் கருவிகள். இக்கதிர்கள் உயிரணுவின் மரபுப் பொருளைச் சிதைக்கின்றன. நலமுள்ள அணு அச்சிதைவைப் பெரிதும் சீர்செய்து கொள்ளும். கட்டுப்பாடின்றிப் பெருகும் புற்றணுவுக்கு அவ்வாற்றல் குறைவு. ஆகவே மொத்த அளவையும் ஒரே நாளில் தராமல், சிறு சிறு கூறுகளாகப் பிரித்துப் பல வாரங்கள் தருகின்றனர். வாய், தொண்டைப் புற்றுகளுக்கு ஆறு அல்லது ஏழு வாரங்களில் 60 முதல் 70 கிரே வரை தருவது வழக்கம். 'கிரே' என்பது உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அளவைக் குறிக்கும் அலகு.

தமிழகத்திற்கு இத்துறையில் பெருமைக்குரிய வரலாறு உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கப்பெற்ற அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, அடுத்த சில ஆண்டுகளிலேயே கோபால்ட் கருவியை நிறுவியது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதனை ஏழைகளின் புகலிடமாக வளர்த்தனர். பின்னர் வந்த நேரியல் முடுக்கி என்னும் கருவி, கதிர்களை இன்னும் கூர்மையாகக் குறிவைக்க வல்லது. இன்று தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் அவ்வகைக் கருவி உண்டு. சென்னைக்கும் மதுரைக்கும் செல்லப் பொருளின்றி நோயை மறைத்த காலம் மாற இது வழிசெய்யும்.

இனிப் பயனைக் காண்போம். குரல்வளையில் தொடக்க நிலையிலுள்ள புற்று, கதிர்வீச்சால் மட்டுமே பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேரிடம் கட்டுப்படுகிறது, குரலும் காக்கப்படுகிறது. முற்றிய நிலையில் கதை வேறு. கருப்பைவாய்ப் புற்று முற்றிய 850 பெண்களை மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை ஆராய்ந்து, 2018இல் முடிவை வெளியிட்டது. கதிர்வீச்சு மட்டும் பெற்றோரில் 46 விழுக்காட்டினரும், அதனுடன் சிஸ்பிளாட்டின் மருந்தும் பெற்றோரில் 54 விழுக்காட்டினரும் ஐந்தாண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தனர். எலும்புக்குப் பரவிய புற்றில் நோய் தீர்வதில்லை. ஆயினும் ஒரே முறை தரும் 8 கிரே பலருக்கு வலியைத் தணிக்கிறது. ஆகவே, 'குணமாகுமா?' என்று வினவுவோர், 'எந்த உறுப்பில், எந்த நிலையில்?' என்பதையும் சேர்த்தே வினவுதல் வேண்டும்.

இடையீடு இந்தச் சிகிச்சையின் பெரும்பகை. கருப்பைவாய்ப் புற்றுக்கான முழுச் சிகிச்சையும் எட்டு வாரங்களுக்குள் முடிதல் வேண்டும். காலம் நீள நீள, எஞ்சிய புற்றணுக்கள் மீண்டும் பெருகும். பெருநாள் வந்தது, கோயில் கொடை வந்தது, கடலில் மீன் பாடு நன்றாயிருக்கிறது என்று சில நாள் நிறுத்துவோர், தாம் பெற்ற பயனைத் தாமே இழக்கின்றனர். வாய்ப்புண், தோல் கறுத்தல், உமிழ்நீர் வற்றுதல் ஆகிய துன்பங்களும் நோயாளியை விலகத் தூண்டும். இவற்றைக் குறைக்கவும் வழி பிறந்துள்ளது. உமிழ்நீர்ச் சுரப்பியை விலக்கிக் குறிவைக்கும் முறையைப் பிரிட்டனில் ஆராய்ந்தபோது, ஓராண்டுக்குப் பின் குறிப்பிடத்தக்க வாய்வறட்சி 74 விழுக்காட்டிலிருந்து 38 ஆகக் குறைந்தது. அம்முடிவு 2011இல் வெளிவந்தது.

மூட்டு நோய்க்கு வருவோம். கதிர்களைக் கொண்டு மூட்டு வலியைத் தணிக்கும் முயற்சி புதிதன்று. 1935 முதல் 1954 வரை பிரிட்டனில் முதுகெலும்பு இறுகும் வாத நோயினர் 13,000க்கும் மேற்பட்டோருக்கு எக்ஸ் கதிர் தரப்பட்டது. வலி குறைந்தது உண்மை. ஆனால் கோர்ட் பிரௌன், டால் எனும் இரு அறிஞர் 1957இல் வெளியிட்ட ஆய்வு, அவர்களிடையே இரத்தப் புற்று பன்மடங்கு மிகுந்ததைக் காட்டியது. உயிருக்கு இடர் செய்யாத நோய்க்கு உயிரைப் பறிக்கும் மருந்து ஆகாது என்ற பாடத்தை மருத்துவ உலகம் அன்று கற்றது.

இன்று தரப்படுவது அதனினும் மிகக் குறைந்த அளவு. முழங்காலுக்கு மொத்தம் 3 கிரே. ஜெர்மனியில் இம்முறை நெடுநாளாக வழக்கிலுள்ளது. குதிகால் வலிக்கு 6 கிரே பயன் தருவதை அந்நாட்டு ஆய்வொன்று 2012இல் உறுதி செய்தது. முழங்கால் தேய்வில் மட்டும் முடிவுகள் முரண்படுகின்றன. நெதர்லாந்தில் 55 பேரை ஆராய்ந்தபோது, உண்மைச் சிகிச்சை பெற்றோரும் கதிர் பாய்ச்சாத போலிச் சிகிச்சை பெற்றோரும் ஏறத்தாழ ஒரே அளவில் நலம் கண்டனர். தென்கொரியாவில் 114 பேரிடம் நடந்து 2025இல் அறிவிக்கப்பட்ட ஆய்விலோ, 3 கிரே பெற்றோரில் 70 விழுக்காட்டினரும் போலிச் சிகிச்சை பெற்றோரில் 42 விழுக்காட்டினரும் நான்கு மாதத்தில் நலம் கண்டனர். கதிரே பெறாத பத்துப் பேரில் நால்வர் நலம் உணர்ந்தனர் என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. 'எனக்குக் குணமாயிற்று' என்ற ஒருவர் சொல்லை மட்டும் சான்றாகக் கொள்ளலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

புற்றுநோயில் கதிர்வீச்சின் பயன் அதன் கேட்டினும் மிகப் பெரிது. அஞ்சி விலகுதல் உயிரிழப்பில் முடியும். மூட்டு நோயிலோ உடற்பயிற்சி, எடை குறைத்தல், மருந்து ஆகியவையே முன்னிற்க வேண்டியவை. கதிர்வீச்சு, ஏனைய வழிகள் பயனளிக்காத முதியோருக்கு மருத்துவர் ஆய்ந்து கூறினால் மட்டுமே எண்ணத்தக்கது. இவ்வேறுபாட்டை மாணவர்கள் தத்தம் தெருவில் எடுத்துரைக்க வேண்டும். வாயில் ஆறாத புண்ணோ, மாறாத குரல் கம்மலோ மூன்று வாரம் நீடித்தால் மருத்துவரை நாடுமாறு பெரியோர்கள் தம் குடும்பத்தாரை வற்புறுத்த வேண்டும். கருவி நம் ஊருக்கு வந்துவிட்டது. காலத்தில் அதனை அடைவது நம் கையில் உள்ளது.