கண் இமையைப் பார்த்து குடற்புழு மருந்து!
ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு தொப்பம்பட்டி மேய்ச்சல் காடுகளில் புல் துளிர்க்கும். ஈரப்புல்லோடு, ரத்தம் உறிஞ்சும் உருளைப்புழுவின் இளம்புழுக்களும் ஆட்டின் வயிற்றுக்குள் போய்விடும். மந்தை முழுக்க அடிக்கடி மருந்து ஊற்றினால், மருந்துக்குச் சாகாத புழுக்களே பெருகும். அப்புறம் அந்த மருந்து கேட்காது.

தென்னாப்பிரிக்காவில் உருவான எளிய வழி ஒன்று உண்டு. ஆட்டின் கீழ் இமையை விலக்கி, உள்பக்க நிறத்தைப் பாருங்கள். நல்ல சிவப்பு என்றால் மருந்து வேண்டாம். வெளிறியிருந்தால் உடனே தேவை. இளஞ்சிவப்பாக இருந்தால், குட்டிகளுக்கும் சினை ஆடுகளுக்கும் கொடுத்துவிடலாம். தாடைக்கடியில் வீக்கம் கண்டால் தாமதிக்கக் கூடாது.

வெளிறலுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். அதனால், புதுப் புழுக்கையைக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்து, புழு முட்டைகளை எண்ணச் சொல்லுங்கள். மருந்து கொடுத்த 14-ம் நாள் மறுபடி எண்ணினால், மருந்து வேலை செய்ததா என்பது தெரிந்துவிடும்.