மயில் குஞ்சும் கோழிப் பஞ்சாரமும்

மாணவர்களே, நாகல் நகரை விட்டு நத்தம் சாலையில் சிறுமலைப் பக்கம் காலை வேளையில் சென்றிருக்கிறீர்களா? கொல்லைகளில் மயில்கள் மேய்வதைப் பார்த்திருப்பீர்கள். தாயைப் பிரிந்த குஞ்சு ஒன்று வேலியோரம் அகப்பட்டால், இரக்கப்பட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, கோழிக்குஞ்சுகளோடு ஒரே பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பவர்கள் உண்டு. நல்ல மனந்தான், ஆனால் குஞ்சுக்கு ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

கோழியின் குருட்டுக்குடலில் ஹெட்டராக்கிஸ் என்னும் சிறு புழு வாழ்கிறது. நீளம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர். கோழிக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை. வேடிக்கை என்னவென்றால், இந்த ஒட்டுண்ணிக்குள்ளும் ஓர் ஒட்டுண்ணி குடியிருக்கலாம்! ஹிஸ்டோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி அது. எச்சத்தோடு தனியே வெளிவந்தால் சில மணி நேரத்தில் மடிந்துவிடும். புழுவின் முட்டைக்குள் புகுந்துகொண்டாலோ மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். அம்முட்டையை மண்புழு விழுங்க, மண்புழுவை மயில் குஞ்சு கொத்த, இரண்டு ஒட்டுண்ணிகளும் ஒருங்கே உள்ளே போய்விடுகின்றன.

கோழி பெரும்பாலும் இதைத் தாங்கிக்கொள்ளும். வான்கோழியும் மயிலும் அப்படியல்ல. குடற்சுவரைத் துளைத்த உயிரி இரத்தத்தின் வழியே ஈரலை அடைந்து வட்ட வட்டமான புண்களை உண்டாக்குகிறது. எச்சம் கந்தக மஞ்சளாகும். பறவை சிறகு தொங்கச் சோர்ந்து நிற்கும். பல சமயம் இறந்தும் போகும். இதற்குக் 'கருந்தலை நோய்' என்று பெயர். தலை கறுக்காமலும் நோய் வருவதால் அவ்வளவு பொருத்தமான பெயரல்ல! 1895-இல் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித் வான்கோழிகளிடம் இவ்வுயிரியைக் கண்டார். புழு முட்டையே அதைச் சுமந்து செல்கிறது என்பது 1920-இல்தான் தெரிந்தது.

மீட்ட பறவை பிழைத்துக்கொண்டாலும் கவலை தீரவில்லை. வீட்டில் ஒட்டிய புழுவோடு அதைக் காட்டில் விட்டால், எச்சத்தின் மூலம் மற்ற மயில்களுக்கும் பரவலாம். ஆகவே மறுவாழ்வு மையத்துக்கு வரும் விலங்கை முதலில் தனியே வைக்க வேண்டும். எச்சத்தைச் செறிவான உப்புக் கரைசலில் கலக்கினால் புழு முட்டைகள் மேலே மிதக்கும். அவற்றை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நாலைந்து புழுக்கள் இருப்பதாலேயே பறவை நோயாளி ஆகிவிடாது. பசியும் அச்சமும் நெருக்கடியும் சேரும்போதுதான் ஒட்டுண்ணியின் கை ஓங்குகிறது.

மயில் 1963 முதல் நமது தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்ப்பது குற்றம். அடிபட்ட குஞ்சைக் கண்டால், காற்றோட்டமுள்ள சுத்தமான அட்டைப் பெட்டியில், கோழி நடமாடாத இடத்தில் வைத்து வனத்துறைக்குச் சொல்லியனுப்புங்கள். நன்றாக ஓடியாடும் குஞ்சானால் தொடவே வேண்டாம். நீங்கள் விலகுவதற்காகத் தாய் மயில் புதருக்குப் பின்னால் காத்திருக்கக்கூடும்.