ஐந்து கிலோ பிளேட்டின் அநியாயம்

பளு தூக்கினால் முதுகு போய்விடும் என்ற பயம் நம் வீடுகளில் பழையது. பயம் நியாயமானதுதான், பழி மட்டும் இடம் மாறி விழுகிறது. பிளேட் மாட்டும் தண்டு எந்த உயரத்தில் கிடக்கிறது, எடை எத்தனை அவசரமாக ஏறுகிறது என்ற இரண்டையும் விசாரிக்காமல் எடையை மட்டும் குற்றவாளியாக்குகிறோம். ஒலிம்பிக் போட்டிகளில் 10 கிலோ பிளேட்டானாலும் 25 கிலோ பிளேட்டானாலும் விட்டம் ஒன்றுதான், 450 மில்லிமீட்டர். தடிமன் மட்டும் மாறும். ஆகவே எந்த எடையானாலும் தண்டின் மையம் தரையிலிருந்து 225 மில்லிமீட்டரில் நிற்கும். டெட்லிஃப்ட், அதாவது தண்டைத் தரையிலிருந்து தூக்கி நிமிரும் பயிற்சி, எடுப்பவர் அந்த உயரத்துக்குத்தான் குனியப் பழகுகிறார். சாதாரண ஜிம்மின் 5 கிலோ இரும்பு பிளேட்டோ சாப்பாட்டுத் தட்டளவுகூட இருக்காது. அதை மாட்டினால் தண்டு தரையை ஒட்டிக் கிடக்கும். விளைவைப் பாருங்கள்: பெரிய பிளேட் மாட்டி 100 கிலோ தூக்குபவர் அளவாகக் குனிகிறார், முதல் நாள் வந்தவர் வெறும் 30 கிலோவுக்காகக் கணுக்கால்வரை குனிந்து முதுகை வில்லாக வளைக்கிறார். குறைந்த எடை தூக்குபவருக்கே வேலை கடினம். இதற்குப் பரிகாரம், இரு பக்கமும் பிளேட்டுக்கு அடியில் உறுதியான, உருளாத ஒரு கட்டை. சுவர் முழுக்கக் கண்ணாடி பதிக்கப் பணம் இருக்கும் இடங்களில் இந்தக் கட்டைக்கு மட்டும் இடமில்லாமல் போவது வருத்தம்தான்.

கனமான எடையே ஆபத்து என்பவர்களுக்கு, ஆஸ்திரேலியாவில் நடந்து 2018இல் வெளியான லிஃப்ட்மோர் ஆய்வு பதில் சொல்கிறது. மாதவிடாய் நின்று, எலும்பு அடர்த்தியும் குறைந்த 101 பெண்கள் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் எட்டு மாதம், வாரம் இரு முறை, அரை மணி நேரம் டெட்லிஃப்ட், ஸ்குவாட், தலைக்கு மேல் தூக்கும் பிரஸ், கூடவே குதித்து இறங்கும் பயிற்சி ஒன்று என்று செய்தார்கள். கீழ்முதுகு எலும்பின் அடர்த்தி அவர்களுக்கு 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் இலேசான பயிற்சி செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. கனமாகத் தூக்கியவர்களில் பதிவான பாதிப்பு, ஒருவருக்கு ஏற்பட்ட சிறிய முதுகுப் பிடிப்பு. பக்கத்தில் பயிற்சியாளர் நின்றாரே என்று கேட்கலாம். நின்றார், முதல் மாதம் இலேசான எடையில் அசைவுகளை மட்டுமே பழக்கவும் செய்தார். நமக்கும் வேண்டியது அந்தக் கண்காணிப்பும் அந்த நிதானமுமே. ஏற்கெனவே முதுகில் கோளாறு உள்ளவர் மருத்துவரைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

முதல் வாரங்களில் பலம் மளமளவென்று கூடுகிறதே, நிதானம் எதற்கு என்பது அடுத்த கேள்வி. அந்த வேகத்தில் பெரும்பங்கு நரம்புகள் வேலையைக் கற்றுக்கொண்டதால் வருவது. தசைநார்கள் பின்னால் மெதுவாகத்தான் வரும். அவற்றுக்காகக் காத்திருக்கவே ஒரு தடவைக்கு 2.5 கிலோ, அதாவது பக்கத்துக்கு 1.25 கிலோ மட்டும் ஏற்றச் சொல்கிறார்கள். ஜிம்மில் சேரும் முன் 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், புதிதாக வருபவரை அங்கே யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.