ஓடியது ஏ.சி.; போனது 2 உயிர்! கேரவன் ஜெனரேட்டர் கக்கும் விஷப்புகை

ஆற்காடு, வாலாஜா பக்கம் பெங்களூர் ரோட்டில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். பஸ் மாதிரி உயரம், கறுப்புக் கண்ணாடி, உள்ளே கட்டில், கக்கூஸ், ஏ.சி. எல்லாம் உண்டு. அதுதான் கேரவன். ஒரு காலத்தில் சினிமாக்காரர்களுக்கு மட்டும்தான். இப்போது கல்யாண வீட்டுக்கும் வாடகைக்கு வருகிறது.

ரோட்டு ஓரம் வண்டியை நிறுத்தி, ஜெனரேட்டரைப் போட்டு, ஏ.சி.யில் ஒரு தூக்கம். நம்ம ஊர் வெயிலுக்கு யாருக்குத்தான் ஆசை வராது? அப்படித் தூங்கப் போன 2 பேர் பிணமாகக் கிடந்தார்கள்.

கதவு அருகே ஒருவர்

கேரள மாநிலம் கோழிக்கோடு மாவட்டம் வடகரா பக்கத்தில் கரிம்பனப்பாலம் என்ற இடம். 2024 டிசம்பர் 23-ந் தேதி. தேசிய நெடுஞ்சாலை ஓரம் ரொம்ப நேரமாக நின்ற கேரவனைப் பார்த்து அக்கம்பக்கத்தார் சந்தேகப்பட்டார்கள். உள்ளே டிரைவரும் கூட வந்த ஊழியரும் செத்துக் கிடந்தனர். ஒருவர் கதவுப் படி அருகே, மற்றவர் உள்ளே படுக்கையில்.

கொலையா, தற்கொலையா என்று ஊரே பேசியது. இரண்டும் இல்லை. கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் ஜெனரேட்டரை ஓட்டிச் சோதித்தார்கள். வண்டியின் அடித்தளத்தில் இருந்த ஓட்டை வழியாகப் புகை உள்ளே ஏறியது தெரியவந்தது. 2 மணி நேரத்தில் கார்பன் மோனாக்சைடு 957 பி.பி.எம்., அதாவது 10 லட்சம் பங்கு காற்றில் 957 பங்கு! அமெரிக்காவில் தொழிற்சாலையில் 8 மணி நேர வேலைக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவே 50-தான்.

மணம் இல்லை, நிறம் இல்லை

இந்த வாயுவுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது, கண்ணும் எரியாது. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தை இது பிடித்துக் கொள்ளும். அதுவும் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக. தலைவலி, மயக்கம், வாந்தி வரும். விழித்திருப்பவன் வெளியே ஓடலாம். தூங்குகிறவன் என்ன செய்வான்?

ஏ.சி. போட்டால் காற்று மாறும் என்று பலர் நினைக்கிறார்கள். தப்பு. பெரும்பாலான ஏ.சி. உள்ளே இருக்கிற காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கும். விஷம் புகுந்தால் அதையும் சேர்த்துக் குளிர வைக்கும், அவ்வளவுதான்.

வண்டிக்காரர்களின் கவலை எல்லாம் லோடு பற்றித்தான். 1 டன் ஏ.சி. ஓடும்போது சுமார் 1,000 முதல் 1,200 வாட்ஸ் இழுக்கும். பழைய வகையில் கம்ப்ரஸர் கிளம்பும் அந்த ஒரு நொடி பல மடங்கு இழுக்கும்; சின்ன ஜெனரேட்டர் திணறி நின்றுவிடும். இரண்டு ஏ.சி. என்றால் ஒன்று கிளம்பி ஓடிய பிறகுதான் மற்றதைப் போட வேண்டும். இன்வெர்ட்டர் வகை மெதுவாகக் கிளம்பும், தொந்தரவு குறைவு. இதெல்லாம் மெக்கானிக் பார்த்துக் கொள்வார். புகை எங்கே போகிறது என்றுதான் ஒருவரும் குனிந்து பார்ப்பது இல்லை.

நம்ம ஊருக்கும் உண்டு

இது கேரவன் வைத்திருப்பவர் சமாச்சாரம் என்று தள்ளிவிட வேண்டாம். 2012-ல் நாளுக்கு 10 மணி நேரத்துக்கு மேல் கரண்டு போனபோது ஆற்காடு, ஆம்பூர், வேலூர் கடைக்காரர்கள் ஜெனரேட்டரோடுதான் பிழைத்தார்கள். 'சத்தம் தாங்கல, திருட்டு பயம் வேற' என்று மாடிப்படிக்குக் கீழேயும் பின்கட்டிலும் தள்ளி வைக்கிற பழக்கம் ஆபத்தானது. சைலன்ஸர் சத்தத்தைத்தான் குறைக்கும்; வாயுவைக் குறைக்காது.

கேரவனில் தூங்குமுன் ஒரு டார்ச் எடுத்து அடியில் பாருங்கள். புகைக்குழாய் வண்டிக்கு வெளியே நீண்டிருக்கிறதா? ஒயர் நுழையும் ஓட்டைகள் அடைபட்டிருக்கின்றனவா? காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது? சுவருக்கும் லாரிக்கும் நடுவே நிறுத்தினால் புகை திரும்பி வண்டிக்கே வரும். எது எப்படியானாலும், ஜெனரேட்டர் ஓட ஓட உள்ளே தூங்காமல் இருப்பதே நல்லது.

கார்பன் மோனாக்சைடு அலாரம் என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். சமையல் கேஸ் அலாரம் வேறு, அது இதைப் பிடிக்காது. தலைமாட்டில் மாட்ட வேண்டும். அலறினால் முதலில் ஆட்களை வெளியே கொண்டு வர வேண்டும். கதவை அகலத் திறந்துவிட்டு, ஜெனரேட்டரை வெளியில் இருந்து நிறுத்தி, 108-க்குப் போன் போடுங்கள்.