போர்க்கால மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெயும்

போர் மூண்டதும் முதலில் அருகிப்போகும் பொருள்களுள் எரிபொருளும் ஒன்று. ஆதலால், படைகளுக்கென மோட்டார் சைக்கிள் அமைத்தோர் பெரும்பாலும் வேகத்தை நாடினாரல்லர். தரங்குறைந்த எண்ணெயிலும் ஓடி, எளிய கருவிகளால் திருத்தத்தக்க எஞ்சினையே நாடினர்.

முதலாம் உலகப் போரில் பிரித்தானியப் படையின் செய்தி கொண்டுசெல்வோர் ஊர்ந்த டிரையம்ப் எச் வகை 550 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. இரண்டாம் உலகப் போரில் ஓர் இலட்சத்துக்கு மேல் ஆக்கப்பட்ட பி.எஸ்.ஏ. எம் 20 வகையின் கொள்ளளவு 496. இரண்டும் ஒற்றை உருளையும் பக்க வால்வும் உடையன. வால்வுகள் உருளையின் பக்கத்தே அமைவதால், அதன் தலை ஒரு மூடி போன்றதாகிவிடுகிறது. அசையும் உறுப்புகள் குறைவு. கழற்றிப் பூட்டுவது எளிது. எரிகலவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகவே அமுக்கப்படுவதால், மட்டமான பெற்றோலும் உரிய காலத்துக்கு முன் தீப்பற்றி எஞ்சினைத் தட்டுவதில்லை. ஜெர்மனியரின் பி.எம்.டபிள்யூ. ஆர் 75, பக்கவண்டியின் சக்கரத்தையும் இயக்கிச் சேற்றிலும் மணலிலும் சென்றது. ஆயின் அதனை ஆக்கும் செலவு பெரிது.

இந்தப் பாடம் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் வந்தது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின், பெற்றோல் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிற்று. கரவெட்டியிலிருந்து மந்திகை வைத்தியசாலைக்கு நோயாளியை ஏற்றிச் செல்வோருக்கும், தொலைவிலுள்ள பாடசாலைக்குச் செல்லும் ஆசிரியருக்கும் மண்ணெண்ணெயே துணையாயிற்று. அவர்களிடமிருந்த சிறிய ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களோ பெற்றோலுக்கென அமைந்தவை.

பெற்றோல் குளிர்ந்த நிலையிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய்க்கு வெப்பம் வேண்டும். குளிர்ந்த எஞ்சினுள் அது துளியாகவே நிற்கும். தீப்பொறி விழுந்தாலும் பற்றாது. ஆகவே, சிறு போத்தலில் சேமித்த பெற்றோலில் சில துளிகளைக் காபுரேற்றர் வழியே செலுத்தி, உதைத்து எஞ்சினை உயிர்ப்பித்தனர். அது சூடேறியதும் மண்ணெண்ணெய் ஆவியாகி எரியலாயிற்று. வழியில் எஞ்சின் நின்று குளிர்ந்தால், மீண்டும் அந்தப் பெற்றோல் துளிகளே வேண்டும். நோயாளியோடு செல்பவருக்கு அச்சிறு போத்தல் எவ்வளவு அரியது என்பதை நேயர்கள் உணர்வர்.

இதற்கு விலையும் உண்டு. முற்றாக எரியாத மண்ணெண்ணெய் புகையாக வெளிவந்தது. கரி படிந்த பிளக்கை அடிக்கடி கழற்றித் துடைக்க நேர்ந்தது. உருளைச் சுவர் வழியே கீழிறங்கிய எண்ணெய், எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்து தேய்மானத்தை விரைவாக்கியது.

எனினும் முறை புதிதன்று. பழைய ஃபோர்ட்சன் உழவு இயந்திரங்களும் பெற்றோலில் தொடங்கி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றில் ஆவியாக்குவதற்கென்றே தனியமைப்பு இருந்தது. வடமராட்சியின் திருத்துநர்களோ அத்தகைய அமைப்பின்றி, கைப்பழக்கத்தையும் செவிப்புலனையும் கொண்டே அதனைச் செய்தனர். எஞ்சினின் ஒலி மாறுவதைக் கேட்டு எரிபொருளை மாற்றத் தெரிந்தவரே அக்காலத்தில் ஊரை இயங்கவைத்தார்.